மேற்குப் பக்கத்துத் திரை

மூங்கில் தட்டியின் கயிறு பாதியில் சிக்கிக்கொண்டது. அருந்ததி பல்கனியில் சமையலறைக் கதிரையைப் போட்டு ஏறி நின்று, கப்பியைக் கையால் தட்டித் தட்டி இழுத்தாள். நேரம் பதினொன்று பத்து. இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் சித்திரை வெயில் கட்டிடத்தின் உச்சியைத் தாண்டிக் கடற்பக்கம் இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் தட்டி கீழே வந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையை இந்த நேரத்துக்குச் செய்துவந்தவர் உள்ளே, ஹோலின் நடுவில், தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மேடம், நீங்க இறங்குங்க. நான் இழுக்கிறன்," என்றார் ஹியூபேட். கொட்டாஞ்சேனையில், இறந்தவர்களை அலங்கரித்து வைக்கும் சிறியதொரு மலர்ச்சாலை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக, வந்ததிலிருந்து உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம். இதுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கு. இழுத்தால் அறுந்திடும்."

சொன்ன பிறகுதான் அது மச்சாளின் வசனம் என்பது அவளுக்கு உறைத்தது. அச்சொட்டாக அதே வார்த்தைகள். குரலில் அதே எரிச்சல். கயிறு இளகித் தட்டி மடமடவென்று இறங்கியது. கடல் மறைந்தது. அதனோடு தண்டவாளமும், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் குடை பிடித்தபடி உட்கார்ந்திருந்த சோடிகளும் மறைந்தார்கள்.

மச்சாள் மங்கையற்கரசி, அருந்ததியின் கணவன் பாலசுந்தரத்தின் தமக்கை. கலியாணம் செய்யாதவர். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவர். பதினொரு வருடத்துக்கு முன் பாலசுந்தரம் போன பிறகு இந்த நாலாம் மாடி வீட்டில் இரண்டு பெண்களும்தான். இன்று காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணீரோடு அறைக்குள் போன அருந்ததி, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். டொக்டர் வந்தார். இரண்டு வருடமாகவே இதயம் பலவீனம்தான், நித்திரையிலேயே போயிருக்கிறது, கஷ்டப்படவில்லை என்றார். கடதாசியும் எழுதிக் கொடுத்தார்.

மகன் கஜீவன் அந்நேரம் ஆகாயத்தில் இருந்தான். புதுவருடத்துக்கு மாமியைப் பார்க்கவென்று முதல்நாள் இரவே லண்டனில் விமானம் ஏறியாயிற்று. மாமி காலமான செய்தி கட்டுநாயக்காவில் இறங்கித் தொலைபேசியை உயிர்ப்பித்த பிறகுதான் அவனுக்குத் தெரியவரும்.

"எம்பாம் பண்ணினா ஒரு யோசினையும் இல்ல, மேடம்," என்று காலையிலேயே ஹியூபேட் சொல்லியிருந்தார். "நாளைக்கு, நாளண்டைக்கு எண்டாலும் வைக்கலாம். இல்லாட்டி எங்கட இடத்துக்குக் கொண்டு போவம். அங்க குளிர் அறை இருக்கு."

"இல்லை. ஊசியும் இல்லை, மலர்ச்சாலையும் இல்லை. மச்சாள் சொல்லி வச்சவ."

சொல்லி வைத்ததற்குக் காரணம் இருந்தது. பாலசுந்தரத்தை இதே நகரத்தில் வேறொரு மலர்ச்சாலையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கஜீவன் வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அவன் வந்து பெட்டியருகில் நின்றான். கன்னத்தில் ரோஸ் பவுடரும் உதட்டில் ஏதோ மினுக்கமுமாக, கலியாண அல்பத்தில் இருக்கிற யாரோ மாதிரி ஒருவர் உள்ளே கிடந்தார். "இது அப்பா இல்லை," என்றான் பையன். அவனுக்கு அப்போது இருபது வயது. அழவும் இல்லை. அதன்பிறகு ஒரு வருடம் அவன் வீட்டுக்குச் சரியாகக் கதைக்கவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் வானுக்குள் மச்சாள் அருந்ததியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னை அப்பிடி ஆக்கிப்போடாதை. வீட்டிலை வை. அவன் வந்து என்ர முகத்தை என்ர முகமாய்ப் பாக்கட்டும். பிறகு எங்கை வேணுமெண்டாலும் கொண்டுபோ."

அருந்ததி ஓமென்றிருந்தாள். மச்சாளுக்கு அவள் மனமொத்து ஓமென்ற விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

பிரச்சினை வெயில். அத்தோடு அன்றைக்கென்று பார்த்து லைன் வேலை. காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் ஐந்துவரை அந்த ஒழுங்கை முழுவதற்கும் கரண்ட் இல்லை. கட்டிடத்து ஜெனரேட்டர் லிப்டையும் தண்ணீர் மோட்டாரையும் மட்டும்தான் ஓட்டும். மின்விசிறி இல்லை. அருந்ததியின் அறையில் கஜீவன் பூட்டித் தந்த ஏசியும் சும்மா சுவரில் இருந்தது.

ஹோல் சுவரில் மச்சாள் மாட்டிவைத்த வெப்பமானியை ஹியூபேட் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இருபத்தொன்பதரை.

"ஆறு மணிக்குக் கனத்தைச் சுடலையில நேரம் எடுத்திருக்கிறன். அஞ்சுக்கு இஞ்ச இருந்து இறக்கோணும். லிப்டுக்குள்ள பெட்டி நிக்காது, படியால தான். அதுவரைக்கும் இந்த ஹோல் முப்பத்தொரு டிகிரிக்குள்ள நிண்டா நான் பொறுப்பு. முகம் ஒண்டும் ஆகாது. அதுக்கு மேல போனா..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐஸ் கொஞ்சம் எடுப்பிக்கவா? கட்டிலுக்குக் கீழ வைக்கலாம். மார்க்கட்டில மீன் கடையில இருக்கும்."

"மச்சாள் சைவம்."

ஹியூபேட் யோசித்தார். "அப்ப ஜூஸ் கடையில கேக்கிறன்," என்று இறங்கிப் போனார்.

அருந்ததி வேலையைத் தொடர்ந்தாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். விரும்பிப் படித்த பாடம் அல்ல, காதில் விழுந்து விழுந்து படிந்தது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே மறிக்க வேண்டும். உள்ளே விட்டபிறகு திரை போடுவது மனத்திருப்திக்கு மட்டும். ஆகவே முதலில் வெளியே தட்டி. அதன் பின்னால் கண்ணாடிக் கதவு, நாலு விரல் நீக்கல் விட்டு. காற்று வரும், வெயில் வராது. அதற்குப் பின்னால் தடித்த திரைச்சீலை. வெள்ளை அடித்துணி வெளியே பார்க்கவேண்டும், கரை நிலத்தைத் தொடவேண்டும். மேலே திரைக்கம்பிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பழைய துவாய்களைச் சுருட்டி அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் சூட்டுக்காற்று மேலால் வழிந்து உள்ளே வரும். பொழுது பட்டதும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். இதெல்லாம் அந்த வீட்டில் சமய ஒழுக்கம் மாதிரி நடந்தது. சமயத்தில்கூட மச்சாள் அவ்வளவு கண்டிப்பில்லை.

கடல் தெரிகிற வீடு என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் இந்த வீட்டின்மேல் ஒரு கண். குடிவந்த இத்தனை வருடத்தில் மழைநாள் தவிர்ந்த ஒரு பின்னேரத்தில் அருந்ததி அந்தக் கடலைப் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும். பிறந்த வீட்டில் யன்னலுக்குத் திரையே கிடையாது. இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு அரிசியில் கல் பொறுக்க லைட் போடவேண்டும்.

அந்த மனப்புழுக்கம்தான் நேற்று வெடித்தது. பின்னேரம் மூன்றரைக்கு, என்ன பிடித்ததோ, அருந்ததி போய்த் திரையை விலக்கித் தட்டியையும் தூக்கிக் கட்டினாள். ஹோல் முழுவதும் வெயில் பாய்ந்தது.

"அருந்ததி, என்ன இது? வெயிலெல்லே உள்ளுக்கு வருது," என்றார் மச்சாள் சாய்கதிரையிலிருந்து.

"வரட்டும். ஒரு நாள் வெயில் வந்தால் ஒருத்தரும் செத்துப்போகமாட்டினம்."

மச்சாள் வாதாடவில்லை. அதுதான் புதினம். எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரவு பால் கொடுத்தபோது அரைக் கிளாஸ் குடித்தார், முகம் பார்க்கவில்லை. அருந்ததி நேற்று அந்தத் திறந்த யன்னலில் கால் மணித்தியாலம் நின்றாள். கடல் தகரம்போலக் கண்ணில் அடித்தது. கண் நொந்து, தலை நொந்து, கடைசியில் அவளே எல்லாவற்றையும் மூடினாள். காலையில் டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

பன்னிரண்டு மணியளவில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் நல்லைநாதன். பாலசுந்தரத்தின் பெரியப்பா மகன்; துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். கொழும்பில் சொந்தத்துக்குள் எந்தச் செத்தவீடு நடந்தாலும் யாரும் கேட்காமலே பொறுப்பெடுத்துக்கொள்வார். உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்று கண்ணைக் கசக்கினார்.

"என்ன பிள்ளை, இப்பிடி இருட்டுக்குள்ளை வச்சிருக்கிறியள்?"

"சூட்டுக்கு அத்தான். கரண்டும் இல்லை."

"கரண்ட் இல்லையெண்டால் கடல் காத்தைத் திறந்து விடுறதெல்லே? அதை விட்டிட்டு..."

"இந்த மாசத்தில காத்தோட வெயிலும் சேர்ந்து வரும். ஆறு மணிக்குப் பிறகுதான் அது காத்து."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். மங்கை அக்காவின் விளக்கவுரையை அவள் வாயால் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவி அதற்குள் குளியலறைக்குப் போய், ஒரு விரிப்பை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தார், யன்னலில் தொங்கவிட.

"அக்கா, ஈரம் வேண்டாம். யாழ்ப்பாணத்துக் காஞ்ச வெயிலுக்கு அது சரி. இஞ்சை வீடு பிட்டுப்பானை ஆகிடும்."

விரிப்பு பேசாமல் பக்கெட்டுக்குள் போனது. அவர் முகமும் சேர்ந்து சுருங்கியது.

ஒரு மணிக்கு ஹோலில் முப்பது பேர். பழைய மாணவிகள், கோயில் ஆட்கள், கட்டிடத்து ஆட்கள். எல்லாரும் விசிறிக்குப் பதிலாகப் பேப்பரால் விசிறிக்கொண்டார்கள். ஒரு மனிதர் நூறு வாட் பல்பு ஒன்றுக்குச் சமம் என்று மச்சாள் வகுப்பில் படிப்பித்தது அருந்ததிக்கும் தெரியும். விருந்தாளிகள் அதிகநேரம் இருந்துவிட்டுப் போனால் அதை வீட்டிலும் சொல்வார். முப்பது பல்பு. ஜூஸ் கடை ஐஸ் இரண்டு பேசினிலும் தண்ணீராகிவிட்டது. வெப்பமானி முப்பதேகால்.

எதிர்வீட்டு ரபீக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து அருந்ததியின் காதோடு கேட்டார்: "நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

"உங்கட வீட்டுக் கிழக்கு யன்னலெல்லாம் இப்ப நிழல்தானே. அதையும் முன்கதவையும் திறந்து விடுவீங்களா? அங்காலை இருந்து இஞ்சாலை இழுக்கும்."

"அவ்வளவுதானா? தொறந்து விடுறன், வாணாமெண்டு சொல்ற வரைக்கும் இரிக்கட்டும்." கொஞ்சம் தயங்கினார். "எங்கட ஆக்கள்ள எண்டா இந்நேரத்துக்கு எடுத்திருவாங்க. உங்களுக்குப் புள்ள வரோணுமே."

நடைபாதையைத் தாண்டி ஒரு சிறு காற்று வந்து குத்துவிளக்குச் சுடரைச் சாய்த்தது. அருந்ததி அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டை நிமிர்த்தி வைத்து மறித்தாள்.

ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா. இப்பதான் மெசேஜ் பார்த்தன்."

"ஓம் அப்பு."

அவனுக்குப் பின்னால் யாரோ சிங்களத்தில் பொதிகளைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கை வச்சிருக்கிறியள்?"

"வீட்டிலை. ஹோலிலை."

"முகம்?"

"மாமியின்ர முகம்தான்," என்றாள் அருந்ததி. "ஒருத்தரும் கை வைக்கேல்லை. நீ வா."

"வாறன். நான் வரும்வரைக்கும் எடுக்க விடாதைங்கோ, அம்மா."

"விடமாட்டன்."

அவன் வெளியே வர அரை மணித்தியாலம் பிடித்தது. அதிவேகப் பாதையில் பிரச்சினையில்லை. கொழும்புக்குள் நுழைந்த பிறகு புதுவருடச் சாமான் வாங்கும் சனமும் ஓட்டோவும் பஸ்ஸுமாக வாகனம் நகரவில்லை என்று மூன்று மணிக்குச் செய்தி அனுப்பினான். அந்தச் செய்தியை அருந்ததி சமையலறையில் வாசித்துக்கொண்டு நின்றபோதுதான் ஹோலில் திரை வளையங்கள் உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவள் நித்திரையிலும் அறிவாள்.

ஓடி வந்தாள். நல்லைநாதன் திரையை இரண்டு பக்கமும் தள்ளி, கண்ணாடிக் கதவை முழுக்கத் திறந்து, தட்டியைக் கையால் சுருட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி வெயில் வழுவழுத்த தரையில் பட்டுத் தெறித்துக் கட்டில்வரை வந்துவிட்டது. மச்சாளின் பாதங்கள் வெயிலுக்குள் இருந்தன. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அப்பாடா என்று யன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள்.

"சனம் மயங்கி விழப்போகுது, பிள்ளை. கொஞ்சம் காத்து வரட்டும். இன்னொண்டும் சொல்லோணும். குருக்கள் கீழை வந்திட்டார். கிரியையைத் தொடங்கி நாலுக்கு எடுப்பம். தம்பி நேரை கனத்தைக்கு வந்து பாக்கட்டும். அங்கையும் பெட்டி திறந்துதானே இருக்கும்."

"கனத்தைக்கு நான் வரமாட்டன்," என்றாள் அருந்ததி. பெண்கள் போகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. "நான் பக்கத்திலை நிக்க அவன் பாக்கோணும். வீட்டிலை பாக்கோணும். அது மச்சாள் கேட்டது."

"செத்த ஆளுக்கு இனி வீடென்ன, கனத்தையென்ன?"

அருந்ததி சுவரைப் பார்த்தாள். முப்பத்தொன்றரை. சுவர் ஓரத்தில் நின்ற ஹியூபேட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. கட்டிலின் கால்மாட்டில், வெயிலுக்கும் மச்சாளின் பாதத்துக்கும் நடுவில் போய் நின்றாள். தன் நிழல் பாதங்களில் விழுந்ததும் சொன்னாள்: "எல்லாரும் குறை நினைக்காமல் கீழை இறங்குங்கோ. கார் பார்க்கிலை கதிரை போட்டிருக்கு, சோடாவும் இருக்கு. குருக்களையும் கீழையே இருக்கச் சொல்லுங்கோ. மகன் வந்த பிறகு எல்லாரும் வரலாம்."

யாரும் அசையவில்லை. செத்தவீட்டில் வந்தவர்களை எழுந்து போகச் சொல்வதை அங்கிருந்த யாரும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை.

"எங்களையோ?" என்றார் நல்லைநாதன்.

"எல்லாரையும்தான் அத்தான். நீங்களும் இறங்குங்கோ. தட்டியை விடுங்கோ, அது அறுந்திடும்."

அவர் விட்டார். தட்டி தடாலென்று விழுந்தது. முதலில் பழைய மாணவிகள் இரண்டு பேர் எழுந்தார்கள், பிறகு கோயில் ஆட்கள். லிப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் நடைபாதையில் அவர்கள் கதைத்தது ஹோலுக்குள் தெளிவாகக் கேட்டது. "உயிரோடை இருக்கேக்கை ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகேல்லை. செத்த பிறகும் மனுசியை ஆக்களுக்குக் காட்ட விருப்பமில்லைப் போல." குரல் நல்லைநாதனின் மனைவியுடையது. நாளை பாமன்கடையிலும் ஹெவ்லொக் டவுனிலும், மறுநாள் லண்டனிலும் கனடாவிலும் இந்தக் கதை போய்ச் சேரும். அருந்ததிக்கு அது தெரியும். அவளுக்கு வலித்தது. வலித்தாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது: கதவு நாலு விரல், திரை, வெள்ளை வெளியே, கரை நிலத்தில். மேலே துவாய்.

ஹோல் மறுபடி இருண்டது. ரபீக்கா தன் வீட்டு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, ஆட்கள் திரும்பி ஏறி வராமல் காவல்போல உட்கார்ந்துகொண்டார்.

ஹியூபேட் புதிதாக வந்த ஐஸை இரண்டு பேசினிலும் நிரப்பினார். குனிந்து மச்சாளின் முகத்தைப் பார்த்து, கைக்குட்டையால் நெற்றியின் ஈரத்தை ஒற்றினார். "ஒண்டும் ஆகல்ல, மேடம்," என்றார்.

அருந்ததி தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது.

"மிஸ்டர் ஹியூபேட், இதயம் பலவீனமான ஆக்களுக்கு... ஒரு கால் மணித்தியாலம் வீட்டுக்குள்ளை வெயில் வந்தால்... அதாலை..."

ஹியூபேட் கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் டொக்டர் இல்ல. முப்பது வருசமா இந்த வேலை. இந்தக் கேள்விய ஒராளும் கேக்காத வீட்டுக்கு நான் இன்னும் போகல்ல. ஒரு வீட்டில அது குடுக்க மறந்த குளிசை. ஒரு வீட்டில ஐஸ் தண்ணி. போன கிழமை ஒரு மகன், அப்பாவுக்கு ரேடியோ பெட்டறி வாங்கிக் குடுக்கல்ல எண்டு கேட்டார்." ஐஸ் பேசினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "உங்கட வீட்டில வெயில்."

அவர் நடைபாதைக்குப் போனார். அருந்ததி மச்சாளோடு தனியாக இருந்தாள்.

இரண்டு பேரும் அப்படித் தனியாக இருந்த பின்னேரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். மச்சாள் சாய்கதிரையில் பேப்பர் படிப்பார். அருந்ததி தரையில் மரக்கறி வெட்டுவாள். ஒன்றும் கதைப்பதில்லை. கதைத்தால் சண்டை. ஆனால் வெளியே கோல் றோட்டில் தார் உருகிக்கொண்டிருக்கும்போது உள்ளே தரை கன்னம் வைத்துப் படுக்கக்கூடிய குளிர்ச்சியாக இருக்கும். பாலசுந்தரம் போன முதல் மாதத்தில் அவள் இதே தரையில் அப்படித்தான் படுத்துக் கிடந்தாள். ஒரு மாதம் முழுக்க. மச்சாள் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. பதினொன்றரைக்குத் தட்டியை இறக்கினார், திரையை இழுத்தார், அவள் படுத்திருந்த இடத்தில் மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். ஒவ்வொரு நாளும். அதை அன்பென்று எடுத்துக்கொள்ள அருந்ததிக்கு அந்நேரம் தோன்றவில்லை. இப்போது தோன்றியது, தாங்கமுடியாத அளவுக்குத் தோன்றியது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

"மச்சாள், நேற்று நான் கதைச்சது பிழை," என்றாள், வாய்விட்டு.

மூன்று ஐம்பதுக்கு வெப்பமானி முப்பத்தொன்றிலிருந்து ஒரு மயிரிழை கீழே நின்றது. நாலு மணிக்கு முப்பதே முக்கால். நாலே காலுக்கு ஹியூபேட் வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். முப்பதரை.

நாலரைக்கு ரபீக்கா முக்காலியிலிருந்து எழுந்தார். "புள்ள வந்திட்டார்," என்றார்.

கஜீவன் லிப்டுக்குக் காத்திருக்காமல் படியால் ஓடி வந்திருந்தான். பின்னால் நல்லைநாதனும், குருக்களும், கீழே இருந்த எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்தார்கள். படிக்கட்டின் மேற்குக் கண்ணாடியால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலிருந்து அவன் வாசலுக்கு வந்தான். தாடி வளர்த்திருந்தான். சப்பாத்தைக் கழற்றினான். ஒரு அடி உள்ளே வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"உள்ளை போ, தம்பி," என்றார் நல்லைநாதன் பின்னாலிருந்து. "ஏன் நிக்கிறாய்? நேரம் போகுது. ஆராவது அந்தத் திரையை விலக்குங்கோவன், பெடியனுக்கு ஒண்டும் தெரியேல்லை."

கஜீவன் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினான், பொறுங்கோ என்பதுபோல. பிறகு கண்களை மூடிக்கொண்டான்.

"ஒண்டு," என்றான். "ரெண்டு."

யாருக்கும் விளங்கவில்லை. அருந்ததிக்கு விளங்கியது. ஒன்பது வயதில் அவன் பள்ளிக்கூடத்தால் வந்து, வெயிலிலிருந்து நேரே இந்த இருட்டுக்குள் ஓடி, டீப்போ மேசையில் முழங்காலை அடித்துக்கொள்ளாத நாள் இல்லை. திரையை விலக்குங்கோ என்று அருந்ததி கத்துவாள். மச்சாள் விலக்கமாட்டார். கட்டில் கிடக்கிற இதே இடத்தில் அவர் நிற்பார். வாசலிலை நில்லு, கண்ணை மூடு, இருபது எண்ணு, பிறகு பார், எல்லாம் வடிவாய்த் தெரியும் என்பார். அவன் ஓ லெவல் சோதனை எடுக்கும்வரை எண்ணினான்.

"ஏழு. எட்டு."

படிக்கட்டில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். குருக்கள் கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அருந்ததி எழுந்து, மச்சாளின் நெற்றிமயிரை ஒதுக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். முகம் அமைதியாக இருந்தது. சற்றுக் கோபமாகவும் இருந்தது. அவருடைய முகம்தான்.

"பதினாலு. பதினைஞ்சு." அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். "பதினாறு."

ரபீக்கா முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"பத்தொன்பது. இருபது."

அருந்ததி அவன் கண் திறப்பதற்காகப் பார்த்திருந்தாள். அவன் திறக்கவில்லை. வாசலில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு நின்றான்.

"இருபத்தொண்டு," என்றான்.